கிராங்கில் ஐம்பது கிராம்

லாரிக்காரர்கள் என்ஜினைப் பற்றிப் பேசும்போது குதிரைத்திறனை அதிகம் இழுப்பதில்லை. வண்டியில் இழுவை இருக்கிறதா, இல்லையா என்பதே அவர்கள் கேட்கும் கேள்வி. காட்டுப்பள்ளியிலும் எண்ணூரிலும் கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு கொல்கத்தா நெடுஞ்சாலைக்கு வரும் டிரெய்லர், கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகளுக்குப் பழைய இரும்பு கொண்டுபோகும் லாரி, அங்கிருந்து கம்பிக் கட்டுகளோடு திரும்பும் லாரி எல்லாம் இழுவையை நம்பிப் பிழைப்பவை. மூன்று அச்சு லாரியின் மொத்த எடை வரம்பை 2018-இல் 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக அரசு உயர்த்திய பிறகு, பழைய என்ஜின்களின் மேல் விழும் பாரமும் கூடியிருக்கிறது. பிக்கப் குறைந்து, சைலன்சரில் நீலப்புகை தள்ளி, டீசலோடு ஆயிலும் குடிக்கத் தொடங்கினால் வண்டி ஒருநாள் பட்டறைக்கு வந்தே தீரும். என்ஜின் இறங்கும்.

செங்குன்றம், சோழவரம், தச்சூர், கவரைப்பேட்டை வழியாகப் போகும் இந்தச் சாலையில் ஓடும் ஆறு சிலிண்டர் என்ஜின்களில் ஒன்றுக்கு உலகின் மறுகோடியில் வேறொரு வாழ்க்கை உண்டு. அது கம்மின்ஸ் பி வரிசை, 5.9 லிட்டர். 1993-இல் உருவான டாடா கம்மின்ஸ் கூட்டு நிறுவனம் ஜாம்ஷெட்பூரில் அதைச் செய்து டாடா லாரிகளுக்குக் கொடுத்தது. அமெரிக்காவில் அதே குடும்பத்து என்ஜின் 1989 மாடல் டாட்ஜ் ராம் பிக்கப் வண்டியில் 160 குதிரைத்திறனோடு ஏறியது. எண்ணூரில் பிறந்த அசோக் லேலண்ட் நிறுவனம் ஜப்பானின் ஹினோவோடு சேர்ந்து கொண்டுவந்த எச் வரிசை ஆறு சிலிண்டர் என்ஜினும் ஏறக்குறைய இதே உடல்வாகுதான். கம்மின்ஸில் போர் 102 மி.மீ., ஸ்ட்ரோக் 120 மி.மீ.; லேலண்டில் 104, 113.

அமெரிக்காவில் அந்தக் கம்மின்ஸ் இழுவைப் போட்டிக்குப் போனது. ஒகையோ மாநிலத்தின் பௌலிங் கிரீன் ஊரில் 1967 முதல் நடந்துவரும் தேசிய டிராக்டர் இழுவைப் போட்டி இந்த விளையாட்டின் பெரிய மேடைகளுள் ஒன்று. டிராக்டர்களோடு பிக்கப் வண்டிகளும் இதில் இழுக்கின்றன. வண்டியின் பின்னால் ஒரு சறுக்கு வண்டியைக் கட்டுவார்கள். அதன் மேல் பல டன் எடை கொண்ட பெட்டி இருக்கும். வண்டி முன்னே போகப்போக அந்தப் பெட்டி சக்கரப் பக்கத்திலிருந்து முன்பக்கம் நகரும். முன்பக்கத்தில் சக்கரம் கிடையாது, மண்ணில் உராயும் இரும்புத் தட்டுதான். ஆகவே ஒவ்வோர் அடிக்கும் பாரம் கூடும். 300 அடி போனால் முழு இழுவை. பஞ்சாப், ஹரியானா கிராமங்களில் இரண்டு டிராக்டர்களைப் பின்பக்கமாகக் கட்டி எதிரெதிரே இழுக்கவிடும் 'டோச்சன்' இதற்குத் தம்பி முறை.

போட்டி சில நொடிகளில் முடிந்துவிடும். அந்தச் சில நொடிகளுக்காக என்ஜினைத் தயார்செய்பவர்கள் படும் பாட்டில் நெடுஞ்சாலைப் பட்டறைக்கு வேண்டிய பாடங்கள் நிறைய இருக்கின்றன. லாரி என்ஜினில் ஐந்தாறு ஆண்டுகளில் மெல்ல நடக்கும் சேதம் அங்கே ஒரே மாலையில் கண்முன் நடந்துவிடுகிறது.

லிட்டருக்கு எத்தனை குதிரை என்று பார்த்தால் வித்தியாசம் புரியும். பழைய டாட்ஜ் கம்மின்ஸில் லிட்டருக்கு 27. திருவள்ளூர் மாவட்டத்துக்குள்ளேயே, ஆவடி என்ஜின் தொழிற்சாலையில், டி-90 டாங்கிக்கான வி-92எஸ்2 டீசல் என்ஜின் தயாராகிறது. 'வி' வடிவில் 12 சிலிண்டர், ஏறத்தாழ 38.9 லிட்டர், 1,000 குதிரைத்திறன். முழுக்க உள்நாட்டுப் பாகங்களால் ஆன இந்த என்ஜினையும், டி-72 டாங்கிக்கான 780 குதிரைத்திறன் வி-46-6 என்ஜினையும் 2018 ஜூலை 28 அன்று அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமன் ஆவடியில் ராணுவத்திடம் ஒப்படைத்தார். டி-90 என்ஜினின் கணக்கு லிட்டருக்கு 26. லாரியும் டாங்கியும் பக்கத்துப் பக்கத்து எண்ணில் நிற்கின்றன. மணிக்கணக்கில் பாரத்தோடு ஓட வேண்டிய அந்தத் தலைமுறை டீசல்களை வடிவமைத்தவர்கள் அவ்வளவுதான் கேட்டார்கள். இழுவைப் போட்டியின் உச்ச வகுப்புகளிலோ கம்மின்ஸ் ஆறு சிலிண்டரிலிருந்து 2,000 குதிரைக்கு மேல் கறக்கிறார்கள். லிட்டருக்கு 300-ஐத் தாண்டுகிறது கணக்கு.

பெரிய டர்போக்கள் காற்றை அமுக்கித் திணிக்கின்றன, பம்ப் டீசலை அள்ளிக் கொட்டுகிறது. அது பாதிக் கதை. மீதிப் பாதி வேகம். லாரியில் நிமிடத்துக்கு 2,500 சுற்றோடு கவர்னர் கையைப் பிடித்துவிடும். போட்டி என்ஜின் அதைப்போல இரண்டு மடங்கு வேகத்துக்குப் போகிறது. உடைவதற்கான காரணம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

சிலிண்டருக்குள் டீசல் எரியும் அழுத்தமே பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் ராடை முறிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அழுத்தம் பெரிதுதான். 102 மி.மீ. பிஸ்டனின் தலைப்பரப்பு சுமார் 82 சதுர செ.மீ.; டர்போ டீசலில் உச்ச அழுத்தம் 130 பார் என்று வைத்தால், பிஸ்டன் தலையில் 10 டன்னுக்கு மேல் இறங்குகிறது. ஆனால் அது அமுக்கும் விசை. அடித்து உருவாக்கிய எஃகுக் கனெக்டிங் ராடு அமுக்கத்தை நன்றாகவே தாங்கும். அது பயப்பட வேண்டியது இழுபடும்போது. புகையை வெளியே தள்ளிவிட்டுப் பிஸ்டன் உச்சிக்கு வரும் கணத்தில் மேலே எதிர்த்து நிற்க அழுத்தம் ஏதும் இல்லை. மேல்நோக்கிப் பாயும் பிஸ்டனை நிறுத்தி, திருப்பி, கீழே இழுக்க வேண்டியது ராடு ஒன்றுதான்.

எவ்வளவு இழுக்க வேண்டும்? பிஸ்டன், பின், ரிங், ராடின் மேல்முனை எல்லாம் சேர்ந்து 2 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 120 மி.மீ. ஸ்ட்ரோக்கில், 2,500 சுற்றில், உச்சியில் அதைத் திருப்ப வேண்டிய விசை சுமார் 1.1 டன். 5,000 சுற்றில் அதே பிஸ்டனுக்கு 4.4 டன். வேகம் இரு மடங்கு, விசை நான்கு மடங்கு. வேகத்தின் வர்க்கத்தோடு விசை ஏறும் என்ற இந்த ஒரே விதிதான் இந்தத் தொழில் முழுவதற்கும் எசமானன். அந்த 4.4 டன்னையும் கிராங்கைக் கவ்வும் பெரிய முனையின் மூடியைப் பிடித்திருக்கும் ராடு போல்ட்டுகள் தாங்க வேண்டும். பிளாக்கைக் கிழித்துக்கொண்டு ராடு வெளியே வந்த என்ஜினைப் பிரித்தால் பல நேரம் முதலில் கைக்குக் கிடைப்பது நீண்டு அறுந்த ஒரு போல்ட். என்ஜின் வேலையில் பழைய போல்ட்டையே திரும்பப் போட்டு மிச்சம் பிடிப்பதைவிட ஆபத்தான சிக்கனம் வேறு இல்லை.

இதே விதி சமநிலைக்கும் பொருந்தும். கிராங்க் பின்னில், அதாவது மையத்திலிருந்து 60 மி.மீ. தள்ளி, ஒரு பக்கம் 50 கிராம் கூடுதலாக இருக்கிறது என்று கொள்வோம். 2,500 சுற்றில் அது ஏறத்தாழ 21 கிலோ எடைக்குச் சமமான விசையோடு கிராங்கை வெளிப்புறமாக இழுக்கும். ஒவ்வொரு சுற்றிலும் திசை மாறி மாறி, நொடிக்கு 40 முறைக்கு மேல். 5,000 சுற்றில் அது 84 கிலோ. மெயின் பேரிங்கில் ஆயில் படலம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு கனம்கூட இல்லாத இடங்கள் உண்டு. அந்தப் படலத்தின் மேல் இந்தச் சாட்டையடி விழுகிறது.

ஆறு சிலிண்டர் நேர்வரிசை என்ஜின் இந்த விஷயத்தில் பிறவியிலேயே கொடுத்துவைத்தது. அதன் கிராங்கில் 1-உம் 6-உம் ஜோடி, 2-உம் 5-உம் ஜோடி, 3-உம் 4-உம் ஜோடி. ஜோடிகளுக்கு இடையே 120 டிகிரி. மூன்று ஜோடிகளின் ஏற்ற இறக்கத்தைக் கூட்டினால் எப்போதும் பூஜ்யம். முன்பாதி ஆட்ட முயல்வதைப் பின்பாதி அதே அளவில் எதிர்த்துப் பிடிக்கும். நான்கு சிலிண்டருக்கு இந்த வரம் இல்லை. ராடு சாய்ந்து சாய்ந்து ஓடுவதால் பிஸ்டன் உச்சியில் வேகமாகவும் அடியில் மெதுவாகவும் திரும்புகிறது. அந்த ஏற்றத்தாழ்வு கிராங்கைப்போல் இரு மடங்கு வேகத்தில் ஓர் அதிர்வாக மிஞ்சிவிடும். அதை அடக்க இரண்டு எதிர்த்தண்டுகளைச் சுழலவிடும் உபாயத்தை இங்கிலாந்தின் ஃபிரெடரிக் லான்செஸ்டர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தார். செம்பியத்தில் சிம்சன் செய்யும் மூன்று சிலிண்டர் டிராக்டர் என்ஜினில் மேல்கீழ் விசைகள் தீர்ந்துவிடும், ஆனால் முன்னும் பின்னும் ஆட்டும் திருகல் மிஞ்சும்.

ஆவடி டாங்கி என்ஜினை 60 டிகிரிக் கோணத்தில் இணைத்த இரண்டு ஆறு சிலிண்டர்கள் என்று சொல்லலாம். அதன் மூதாதை இரண்டாம் உலகப் போரின் டி-34 டாங்கியில் இருந்த வி-2 என்ஜின். அந்த வம்சத்தில் ஒரு விசித்திரம் உண்டு: ஒரு பக்கத்துப் பிஸ்டனின் ராடு மட்டுமே கிராங்கைப் பிடிக்கும், எதிர்ப்பக்கத்து ராடு அந்த முதல் ராடின் இடுப்பில் கோக்கப்பட்டிருக்கும். அதனால் ஒரு பக்கம் ஸ்ட்ரோக் 180 மி.மீ., மறுபக்கம் 186.7 மி.மீ. தாளில் வரும் முழுச் சமநிலையைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, என்ஜினின் நீளத்தைக் குறைத்திருக்கிறார்கள். டாங்கிக்குள் இடம்தானே பெரிது.

நேர்வரிசை ஆறின் பிறவிச் சமநிலைக்கு ஒரே ஒரு நிபந்தனை. ஆறு பிஸ்டனும் ஒரே எடை, ஆறு ராடும் ஒரே எடை. தொழிற்சாலையிலிருந்து வரும்போது அது உண்மை. பட்டறைக்கு வந்து இரண்டு முறை திறந்து மூடிய பிறகு அப்படிச் சொல்ல முடியாது. ஒரு ராடு வளைந்திருக்கும். அதற்கு மாற்று புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடை வழியாக வேறொரு வண்டியிலிருந்து வந்திருக்கும். ஒரு லைனரில் மட்டும் கீறல் விழுந்து, வேறு கம்பெனிப் பிஸ்டன் ஏறியிருக்கும். ஃபிளைவீலை லேத்தில் போட்டு முகம் சீவியிருப்பார்கள். கிளட்ச் மூடி மாறியிருக்கும். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சரியான வேலைதான். எல்லாம் சேரும்போது யாரும் போடாத ஐம்பது கிராம் கிராங்கில் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

எடைக்கு முன்னால் அளவு. பிரித்த என்ஜினைக் கழுவியதும் நல்ல மெஷின் ஷாப்பில் முதலில் கைக்கு வருவது மைக்ரோமீட்டரும் டயல் போர் கேஜும். லைனரை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில், ஒவ்வோர் இடத்திலும் குறுக்கும் நெடுக்கும் அளக்க வேண்டும். பிஸ்டன் பக்கவாட்டில் அழுத்துவதால் லைனர் முட்டை வடிவமாகத் தேயும். ரிங் திரும்பும் மேல்பகுதியில் தேய்மானம் அதிகம். பேரிங்கில் சுழலும் கிராங்கின் ஜர்னல்களிலும் அதே கோணலும் கூம்பும் இருக்கும். லேத் பட்டறையின் அலகு இன்னும் 'தௌ'தான்: அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 0.025 மி.மீ. ஜர்னல் விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஒரு தௌ இடைவெளி என்பது பேரிங்குக்கான பழைய கைக்கணக்கு. மூன்று அங்குல ஜர்னலுக்கு மூன்று தௌ. இரண்டுக்குக் கீழே போனால் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். ஐந்தாறுக்குப் போனால் ஆயில் பிரஷர் நிற்காது.

இந்த வட்டாரத்துக்கென்று ஒரு சிக்கல் இங்கே நுழைகிறது. உலகெங்கும் நீள அளவுகள் 20 டிகிரி வெப்பநிலைக்கே சொல்லப்படுகின்றன. கும்மிடிப்பூண்டியில் மே மாதம் தகரக் கொட்டகைக்குள் 40 டிகிரி சாதாரணம். வார்ப்பிரும்பு ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 11 மைக்ரான் அளவில் விரியும். 100 மி.மீ. போர் 20 டிகிரி கூடுதல் சூட்டில் 0.02 மி.மீ.க்குச் சற்று மேல் பெரிதாகக் காட்டும். கிட்டத்தட்ட ஒரு தௌ! கருவியும் பிளாக்கும் ஒரே சூட்டில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே விரிவதால் பிழை பெரும்பாலும் அடிபட்டுப்போகும். வெயிலில் கிடந்த பிளாக்கை நிழலிலிருந்து எடுத்த கேஜால் அளந்தால் தவறு. வெந்நீரில் கழுவிய கையோடு அளந்தாலும் தவறு. ராத்திரி முழுக்கக் கொட்டகைக்குள் வைத்து, காலையில் முதல் வேலையாக அளக்கும் பழக்கம் செலவில்லாத துல்லியம்.

கிராங்க் கிரைண்டிங்கில் பலர் கவனிக்காத இடம் ஜர்னலின் மூலை. ஜர்னல் முடிந்து கன்னம் தொடங்கும் இடத்தில் ஒரு மென்மையான வளைவு இருக்கும். கிராங்கை 10 தௌ, 20 தௌ அண்டர்சைஸுக்குத் தீட்டும்போது சாணைக்கல்லின் ஓரம் கூராக இருந்தால் அந்த வளைவு போய் மூலை செங்குத்தாகிவிடும். வளைந்து நிமிரும் உலோகத்தில் அழுத்தம் குவியும் இடம் அதுதான். விரிசல் அங்கிருந்துதான் புறப்படும். பேரிங் இடைவெளி கச்சிதமாக இருந்தும் சில மாதங்களில் இரண்டாக முறியும் கிராங்குகளைப் பார்த்தால், முறிவு பெரும்பாலும் இந்த மூலையைத் தொட்டே போயிருக்கும். இன்னொன்று, நைட்ரைடிங் செய்த கிராங்கின் கடினத்தோல் மிக மெல்லியது. ஆழமாகத் தீட்டினால் தோலே போய்விடும், திரும்பவும் கடினப்படுத்த வேண்டும். கிராங்கைக் காந்தமேற்றி இரும்புத்தூள் கலந்த திரவத்தை ஊற்றிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசலில் தூள் கோடாகச் சேரும். இந்தச் சோதனை முடியாமல் கிரைண்டிங்குக்குக் காசு கொடுக்கவே கூடாது.

அடுத்தது தராசு. ஆறு பிஸ்டனையும் எடை போட்டு, ஆகக் குறைந்ததை அளவாக வைத்து, மற்றவற்றில் உள்பக்கத் தடிப்பிலிருந்து சீவுவார்கள். ராடில் வேலை இரட்டிப்பு. அதன் கீழ்முனை கிராங்கோடு சுழல்கிறது, மேல்முனை பிஸ்டனோடு ஏறி இறங்குகிறது. மொத்த எடை ஒன்றாக இருந்தால் போதாது. ஒரு முனையைத் தொங்கவிட்டு மறுமுனையைத் தராசில் வைத்து, பிறகு திருப்பிப் போட்டு, இரண்டையும் தனித்தனியே ஒத்துப்பார்க்க வேண்டும். கிராம் கணக்கில் காட்டும் டிஜிட்டல் தராசு இன்று எந்தப் பட்டறைக்கும் எட்டாத பொருள் அல்ல. இழுவைப் போட்டிக்கு என்ஜின் கட்டுபவர்கள் பிஸ்டனிலேயே எடை குறைக்கப் பாடுபடுவதற்குக் காரணம் முன்பு சொன்ன கணக்கிலேயே இருக்கிறது: 100 கிராம் குறைத்தால் 5,000 சுற்றில் ராடு போல்ட்டுகளின் மேல் 220 கிலோ குறைகிறது.

பிறகுதான் பேலன்சிங் மெஷின். கத்திமுனைத் தண்டவாளத்தில் உருட்டி, எந்தப் பக்கம் கீழே வந்து நிற்கிறது என்று பார்ப்பது நிலைச் சமநிலை. ஃபிளைவீல் போன்ற தட்டையான வட்டுக்கு அது ஓரளவு போதும். கிராங்குக்குப் போதாது. முன்முனையில் மேலே 50 கிராமும் பின்முனையில் கீழே 50 கிராமும் கூடுதலாக இருந்தால் தண்டவாளத்தில் அது அசையாமல் நிற்கும். சுழலத் தொடங்கியதும் இரு முனையும் எதிரெதிராக ஆடும். அதனால் சுழலவிட்டு, இரண்டு தளங்களில் தனித்தனியே அளக்க வேண்டும். ஜெர்மனியில் ஃபிரான்ஸ் லாவாச்செக் 1907-இல் இதற்கொரு இயந்திரம் வடிவமைத்தார். அந்த உரிமையை வாங்கிய ஷென்க் நிறுவனத்தின் பெயர் இன்றும் இத்தொழிலில் நிலைத்திருக்கிறது. இப்போதைய இயந்திரத்தில் கிராங்க் இரண்டு தாங்கிகளில் சில நூறு சுற்றில் ஓடும். எந்தக் கோணத்தில், எத்தனை கிராம் என்று திரை சொல்லும். எதிர்எடையில் துளை போட்டு எடுக்க வேண்டியதுதான். எடை சேர்க்க வேண்டி வந்தால் எஃகைவிட இரண்டு மடங்குக்கு மேல் அடர்த்தியுள்ள டங்ஸ்டன் கலவைக் கட்டையை எதிர்எடைக்குள் பதிப்பார்கள்.

எட்டு சிலிண்டர் 'வி' என்ஜினின் கிராங்கைத் தனியாக ஓடவிட்டு அளக்க முடியாது. ராடின் கீழ்முனை எடை முழுவதும், ஏறி இறங்கும் எடையில் பாதியும் கணக்கிட்டு, அதற்குச் சமமான வளையக் கட்டைகளை ஒவ்வொரு பின்னிலும் மாட்டியே சுழற்ற வேண்டும். நேர்வரிசை ஆறுக்கு அந்தக் கட்டைகள் வேண்டாம். கிராங்கை அப்படியே ஏற்றலாம். அதன்பின் டேம்பர், ஃபிளைவீல், கிளட்ச் மூடி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து மறுபடி மறுபடி அளந்தால் குற்றவாளி யார் என்று பிடிபடும்.

எவ்வளவு நுணுக்கம் போதும் என்பதற்குச் சர்வதேசத் தரநிலையில் ஜி என்ற எழுத்தும் ஓர் எண்ணும் உண்டு. எடைமையம் சுழல் அச்சைச் சுற்றி நொடிக்கு எத்தனை மி.மீ. வேகத்தில் நகரலாம் என்பதே அந்த எண். பொது இயந்திரங்களுக்கான ஜி 6.3-இல், 2,500 சுற்றில், எடைமையம் அச்சிலிருந்து 0.024 மி.மீ. விலகலாம். தலைமுடியின் கனத்தில் பாதிகூட இல்லை. பிறவிச் சமநிலை உள்ள கிராங்குகளுக்குத் தரநிலை இதைவிடத் தாராளமாகவே இடம் கொடுக்கிறது. போட்டி என்ஜின் கட்டுபவர்கள் அந்தத் தாராளத்தை ஏற்பதில்லை.

பேலன்ஸ் செய்துவிட்டால் அதிர்வே இராது என்று நம்புவது தவறு. இன்னொரு வகை அதிர்வு இருக்கிறது, அது எடையால் வருவதில்லை. ஆறு சிலிண்டரில் ஒரு சுற்றுக்கு மூன்று முறை எரிப்பு நடக்கிறது. ஒவ்வோர் எரிப்பும் கிராங்கை ஒரு நூலளவு முறுக்கிவிட்டு விடுகிறது. ஆறு சிலிண்டர் கிராங்க் நீளமானது. பின்னால் கனத்த ஃபிளைவீல் பிடித்துக்கொள்ள, முன்முனை முறுகி அவிழ்ந்து ஆடும். அந்த ஆட்டத்தின் இயல்பு வேகமும் எரிப்பின் தாளமும் ஒத்துப்போகும் சுற்றில் தொடர்ந்து ஓடினால் எவ்வளவு துல்லியமாகப் பேலன்ஸ் செய்த கிராங்கும் முறியும். முன்பக்கக் கப்பியோடு சேர்ந்திருக்கும் டேம்பர் இருப்பது இதற்காகத்தான். ரப்பர் டேம்பரில் ரப்பர் காலப்போக்கில் கல்லாகிவிடும், அல்லது வளையம் நழுவும். சிலிகான் திரவம் உள்ள டேம்பரில் திரவம் கெட்டியாகும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் புதிதுபோலவே இருக்கும். என்ஜின் வேலையில் ஆகக் குறைவாக மாற்றப்படும் பாகம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். கவர்னரைத் தளர்த்தி, வடிவமைத்தவர்கள் நினைத்திராத சுற்றுக்கு என்ஜினைக் கொண்டுபோனால் டேம்பரும் அதற்கேற்ப மாற வேண்டும். போட்டிக்காரர்கள் முதலில் மாற்றும் பாகங்களில் இது ஒன்று.

அவர்கள் செய்யும் வேறு சில வேலைகள் நெடுஞ்சாலைக்கு உதவாது. தண்ணீர்ப் பாதையையே காரை ஊற்றி அடைத்துப் பிளாக்கை விறைப்பாக்குவார்கள். சில நொடி ஓட்டத்துக்குத் தண்ணீர் தேவையில்லை. ஹெட் கேஸ்கெட்டுக்குப் பதில் எஃகு வளையம் பதிப்பார்கள். சில ஓட்டங்களுக்கு ஒருமுறை என்ஜினைப் பிரித்துப் பார்ப்பார்கள். கரும்புகை கக்கும்படி பம்ப்பைத் திருகிய வண்டியைச் சாலையில் ஓட்டுவது இங்கே சட்டப்படி குற்றம். உற்பத்தியாளர் கொடுத்த அமைப்பை விருப்பம்போல் மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. அவர்களிடம் கற்க வேண்டியது வேறு: ஹெட் இறுகியிருக்கும்போது லைனர் எப்படிக் கோணுமோ அதே கோணலை ஒரு கனத்த தகட்டை முறுக்கி உண்டாக்கிவிட்டு ஹோனிங் செய்வது, ஒவ்வொரு போல்ட்டின் முறுக்கத்தையும் எழுதிவைப்பது, ஒவ்வொரு பாகத்தின் எடைக்கும் தாளில் ஓர் இடம் வைத்திருப்பது.

எல்லா லாரி என்ஜினுக்கும் பேலன்சிங் வேண்டுமா? வேண்டாம். பழைய கிராங்க், பழைய ஃபிளைவீல், ஒரே பெட்டியில் வந்த ஆறு பிஸ்டன், எடை ஒத்த ராடுகள் என்றால் தொழிற்சாலை கொடுத்த சமநிலை பெரும்பாலும் அப்படியே நிற்கும்; கிரைண்டிங் எல்லாப் பக்கமும் ஒரே அளவில்தான் உலோகத்தை எடுக்கிறது. கிராங்கை வளைவெடுத்திருந்தாலோ, ஜர்னலில் வெல்டிங் ஏற்றியிருந்தாலோ, ஃபிளைவீலோ ராடோ வேறு வண்டியிலிருந்து வந்திருந்தாலோ பேலன்சிங்கைத் தவிர்ப்பது பொய்யான மிச்சம்.

டாங்கிக்கு 1,000 குதிரை என்ஜின் செய்யும் ஆவடியும், லாரி உலகத்தில் பெயர் பெற்ற எண்ணூரும் இருக்கும் வட்டாரம் இது. துல்லியமாக அளக்கத் தெரிந்த கைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. இருந்தும், சொந்த வண்டியை அடகுவைத்து என்ஜின் வேலை பார்த்தவர் கையில் பல நேரம் மிஞ்சுவது சாமான் வாங்கிய பில்கள் மட்டுமே. அளந்தது எவ்வளவு, விட்ட இடைவெளி எவ்வளவு என்று ஒரு வரி இருக்காது. இதை மாற்றக்கூடியவர் வண்டிக்காரர்தான். அடுத்த முறை என்ஜின் இறங்கும்போது மெஷின் ஷாப்பில் நான்கு விவரங்களை எழுதி வாங்குங்கள்: ஆறு லைனரின் அளவு, கிராங்க் ஜர்னல்களின் அளவு, விரிசல் சோதனையின் முடிவு, பிஸ்டன்-ராடு எடைகள். பாகம் மாறியிருந்தால் பேலன்சிங் தாளையும் கேளுங்கள். டேம்பரைப் பார்த்தாயிற்றா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.